சோதிலிங்கம் வைத்த சுண்டெலி

சோதிலிங்கத்தைப் போலப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. நியூசிலாந்தில், ரானுயி என்ற ஊரில் எனக்குப் பக்கத்து வீடு. இலங்கையில் நீர்ப்பாசன இலாகா குமாஸ்தாவாக இருந்தவர், எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். பச்சை விளக்கு எரிந்தாலும் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் காரை எடுப்பார். அப்படிப்பட்டவர் சட்டத்தை மீறி வீட்டுக்குப் பாம்பு கொண்டு வந்தார் என்றால் யார் நம்புவார்கள்?

1986 ஜூன், இங்கே குளிர்காலம். கிடங்கில், மலேசியாவிலிருந்து வந்த பிரம்பு நாற்காலிகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தது, இரண்டு முழ நீள மலைப்பாம்புக் குட்டி. நியூசிலாந்தில் பாம்பு கிடையாது, வளர்க்கவும் கூடாது. அதிகாரிகளுக்குச் சொன்னால் வந்து கொன்றுவிடுவார்கள். மனிதர் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக் கொண்டு வந்துவிட்டார்.

காரணம் இருந்தது. ஊரில் கிணறு வெட்டியபோது ஒரு நாகத்தை மண்வெட்டியால் இரண்டாக வெட்டியவர் அவர். அதன் பிறகு மனைவி ரதிதேவியின் வயிற்றில் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இப்போது மூன்றாவது, ஐந்து மாதம். இந்தப் பாம்பும் தங்களால் செத்தால் இந்தப் பிள்ளையும் போய்விடும் என்று இருவரும் முடிவு கட்டிவிட்டார்கள். நான் மலேசியாக்காரி, பிரசவ வார்டு நர்ஸ். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று எரிச்சலாக வந்தது. ஆனால் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை.

பாம்பு சாப்பிடவில்லை.

அதை ஒரு மீன் தொட்டியில் விட்டுச் சாமி அறையில் வைத்திருந்தார்கள். அது வீட்டின் தென்பக்க அறை. இந்த ஊரில் தென்பக்கம் வெயிலே எட்டிப் பார்க்காது. வெள்ளிக்கிழமைதோறும் பால், முட்டை, கற்பூரம். நான் சத்தம் போட்ட பிறகு மனுகாவ் பக்கம் ஒரு கடையில் வெள்ளைச் சுண்டெலி வாங்கி வந்தார். அதையும் தொடவில்லை. ஏழு வாரம் அசையாமல் கிடந்தது. ஆனால் எப்போது போய்ப் பார்த்தாலும் அதன் தலை ரதிதேவி உட்கார்ந்திருக்கும் பக்கமாகவே திரும்பியிருக்கும். இமையில்லாத அந்தக் கண்ணைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அதைவிடப் பயங்கரம், அவளும் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

"அது பட்டினி கிடக்கேக்க எனக்கு எப்பிடி அக்கா இறங்கும்?"

தேத்தண்ணீரும் இரண்டு பிஸ்கட்டும்தான் ஒரு நாள் ஆகாரம். வயிறு வளரவேண்டிய அளவு வளரவில்லை. டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டுச் சோதிலிங்கத்தை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"இப்படியே போனா பிள்ளை தங்காது. பாம்பால இல்ல, பட்டினியால. அதுக்குக் குளிருது லா! சுடுதண்ணி டேங்க் இருக்கிற அலமாரியில வைங்க. சூடு பட்டா தின்னும்."

"அதுக்குள்ள உள்ளுடுப்புகள் எல்லாம் காயப் போட்டிருக்கு," என்றார். "சாமியைக் கொண்டுபோய் அங்க எப்பிடி வைக்கிறது?"

ஏழு வாரமாக அது குளிரில் கிடந்ததற்கு இதுதான் காரணம். நான் கத்திய கத்தில் மனிதர் நடுங்கிப் போனார்.

மறுநாள் சனிக்கிழமை. மதியம் ரதிதேவி தூங்கும்போது துணிகளை வெளியே அள்ளிப் போட்டுவிட்டுத் தொட்டியை அலமாரிக்குள் வைத்தார். ஒரு சுண்டெலியை உள்ளே விட்டு மூடினார். அடுப்படியில் காத்திருந்தோம். ஒரு மணி நேரம் கழித்து ரதிதேவி எழுந்து வந்தாள். தொட்டியை மாற்றியதை நாங்கள் அவளுக்குச் சொல்லவே இல்லை.

"அது சாப்பிட்டிட்டுது," என்றாள். "எனக்குப் பசிக்குது."

தட்டை எடுத்து வைத்தேன். மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். மெல்லக்கூட இல்லை, விழுங்கினாள்.

சோதிலிங்கம் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பாம்பு செத்துக் கிடந்தது. சுண்டெலி அதன் முதுகில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது.

"சாப்பிட்டிட்டுதுதானே?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

பொய் சொல்லத் தெரியாத மனிதர். கதவைச் சாத்தினார். "ஓம். சாப்பிட்டிட்டுது." அவர் கன்னமெல்லாம் கண்ணீர்.

பாம்பை வேலியோரம் புதைத்தோம். "இரை எடுத்த பாம்பைப் பார்க்கக் கூடாது" என்று ரதிதேவியிடம் சொல்லித் தொட்டியை அலமாரிக்குள்ளேயே துண்டால் மூடி வைத்தேன். அவள் நம்பவேண்டும் என்று சனிக்கிழமைதோறும் அவர் ஒரு சுண்டெலியை அதற்குள் விட்டு, மூடிமேல் செங்கல் வைப்பார். ஞாயிறு போய்ப் பார்த்தால் எலி இருக்காது. அவர்தான் எடுத்துவிடுகிறார் என்று நான் நினைத்தேன். நான்தான் என்று அவர் நினைத்தார். ரதிதேவி வயிறாரச் சாப்பிட்டாள். அக்டோபரில் பெண் குழந்தை, நல்ல கொழுகொழுவென்று.

குழந்தையை நான் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் ரதிதேவி மெதுவாகச் சொன்னாள்.

"அது செத்தது எனக்கு அண்டைக்கே தெரியும் அக்கா. எழும்பேக்க வந்த பசி உண்மை. பிறகு இவரின்ரை முகத்தைப் பாத்தாத் தெரியாதே? நான் சாப்பிடாட்டி இவர் உடைஞ்சு போவார் எண்டுதான் தொடர்ந்து சாப்பிட்டன். எலியளை நான்தான் வேலிக்கு அங்கால விட்டனான்."

அவளைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலிருந்தது. ஒருவருக்காக ஒருவர் இப்படியா! அப்போதுதான் கடைசிச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. காலையில் எலியை வைத்தார்; மத்தியானம் அவளுக்கு வலி எடுத்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். திங்கட்கிழமை வரை அவர் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. வீடு திரும்பிப் பார்த்தபோது செங்கல் வைத்தபடியே இருந்ததாம், தொட்டி காலியாம். "நீங்கதானே எடுத்தனீங்கள்?" என்று என்னிடம் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அந்த வீட்டுச் சாவி என்னிடம் கிடையாது.

"கடைசி எலி?" என்று கேட்டேன்.

"கடைசி எலியோ? நான் உங்களோடதானே அக்கா வார்டில இருந்தனான்."

அந்த வெள்ளிக்கிழமை தெருமுனை டெய்ரிக் கடையில் ஒரு பாட்டில் பால் வாங்கினேன். கிண்ணத்தில் ஊற்றி அந்தச் சுடுதண்ணி அலமாரிக் கதவுக்கு முன்னால் நானே கொண்டுபோய் வைத்தேன்.