முத்தலிப் சார் பார்க்காத பிறை

லாஸ்பேட்டைக் கல்லூரியில் அப்துல் முத்தலிப் பௌதிகம் நடத்தினார், நான் தமிழ் நடத்தினேன். முத்தியால்பேட்டையிலிருந்து அவர் ஸ்கூட்டரின் பின்சீட்டில் போய்வந்தே எனக்குப் பாதி ஆயுள் கழிந்தது. மனுஷர் வண்டி ஓட்டும்போதும் வானத்தைப் பற்றியே பேசுவார். எதிரே வரும் மாட்டுவண்டியை நான்தான் கவனிக்க வேண்டும்.

தொலைதூர விண்மீன் மண்டலங்கள்தான் அவருடைய ஆராய்ச்சி. அங்கே நட்சத்திரங்கள் கூட்டம் கூட்டமாகப் பிறக்கின்றனவாம். சுற்றியிருக்கும் தூசி அவற்றின் வெளிச்சத்தை விழுங்கிச் சூடேறி, அகச்சிவப்புக் கதிர்களை மட்டும் வெளியே விடுகிறதாம்.

"நீறு பூத்த நெருப்பு சார். கண்ணுக்குத் தெரியாது, கைய வச்சாச் சுடும்" என்று எனக்குப் புரியும்படி சொன்னார்.

இப்படி மறைந்து கிடக்கும் மண்டலங்கள் ஏராளம் என்று கணக்குப் போட்டு, எழுபத்தாறில் ஆய்வேட்டைக் கொடுத்தார். பட்டம் வந்தால் பதவி உயரும். அவருக்கு அதுகூடப் பெரிதில்லை. தான் சொன்னது சரி என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். யாரும் இத்தனை மண்டலங்களைக் கண்டதில்லை, இது வெறும் கணக்கு என்று தேர்வாளர் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் பாதிகூட அவருக்கு வரவில்லை. கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனார். அதன்பின் வண்டியில் பேச்சே குறைந்துபோனது. ஒரே பாடத்தை வருஷா வருஷம் நடத்தி மனுஷர் ஓய்ந்துகொண்டே வந்தார்.

வானம் படித்தவர் என்பதால், நோன்பு முடியும் சமயத்தில் பிறை பார்க்கத் தெருக்காரர்கள் அவரைத்தான் மாடிக்கு அழைப்பார்கள். கண்ணால் பார்த்தவர் சாட்சி சொன்னால் மறுநாள் பெருநாள். இல்லாவிட்டால் இன்னொரு நாள் நோன்பு. எழுபத்தொன்பதில் மேற்கே ஒரே மேகம். மேகத்துக்குப் பின்னால் பிறை இருக்கிறது என்று அவர் கணக்கு சொன்னது. பாத்திரக்கடை குத்புதீன் பாய் கெஞ்சினார்.

"இருக்குன்னு தெரியுதுல்ல சார், பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்களேன்."

"இருக்கு பாய். ஆனா நான் பாக்கல."

தெருவே இன்னொரு நாள் நோன்பிருந்தது. குத்புதீன் பாய் ரொம்ப நாள் அவருக்கு முகம் கொடுக்கவில்லை.

எண்பத்துமூன்றில் அகச்சிவப்புத் தொலைநோக்கியோடு ஒரு செயற்கைக்கோள் மேலே போனது. தன் சூடே தன் பார்வையைக் கெடுத்துவிடாதபடி அதைக் கடுங்குளிரில் வைத்திருந்தார்களாம். பிறகு முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. மங்கலாகத் தெரிந்த மண்டலங்கள் பல, அகச்சிவப்பில் வெளிச்சத்தைக் கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தன. முத்தலிப் சார் சொன்னபடியேதான்.

எண்பத்தைந்தில் புதுச்சேரிக்கே பல்கலைக்கழகம் வந்ததும் நான் அவர் வீட்டுக்குப் போய், பரணில் ஏறி ஆய்வேட்டுக் கட்டை இறக்கினேன். உடம்பெல்லாம் ஒட்டடை. மறுபடி கொடுங்கள் என்று மன்றாடினேன். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு மூடினார்.

"சரியாத்தான் போட்டிருக்கேன். ஆனா பாத்தவங்க வந்துட்டாங்க சார். இனிமே சாட்சி அவங்களோடது."

பிறையின் சட்டத்தை இங்கேயும் கொண்டுவந்த அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் எதற்குத்தான் காத்திருந்தீர்கள் என்று கத்திவிட்டேன்.

"யாராவது ஒருத்தர் நம்புனா போதும்னு இருந்தேன்" என்றார். குரலில் சத்தே இல்லை.

டீயோடு வந்த அவர் மனைவி நஜீமா நின்றுவிட்டார்.

"அன்னிக்கு மாடியில பொறை இருக்குன்னீங்க. மேகத்துக்குப் பின்னால இருக்குன்னு நானும் நம்புனேன். இந்த நட்சத்திரத்தையும் நீங்க சொன்ன அன்னிக்கே நம்புனேன். எங்கிட்ட நீங்க கேக்கவே இல்லையே."

முத்தலிப் சார் அவரை நிமிர்ந்து பார்த்தார். டீயை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டார்.