தமிழ்மதியின் ஐந்து சக்கரங்கள்

ராயப்பராஜ் ஒரு தாளை மேசையின் குறுக்கே நகர்த்தி வைத்தார். "நிர்ணயித்த வேகத்துக்கு மேல் தெரிந்தே வண்டி ஓட்டினேன். இனி அவ்வாறு செய்ய மாட்டேன்" என்று அச்சடித்திருந்தது. அடியில் அவள் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு. தமிழ்மதி இரண்டு முறை படித்தாள். பேனாவை மூடி அந்தத் தாளின் மேலேயே வைத்தாள்.

"போட மாட்டேனுங்க சார்."

திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை ஆய்வுக்கூடத்தின் மாடியறை அது. ராயப்பராஜ் அங்கே வண்டிகளுக்குப் பொறுப்பு. மாவட்டம் முழுக்க ரத்த மாதிரிகளைச் சேகரித்து வர பத்து கார்கள் ஓடுகின்றன. எல்லாவற்றிலும் செயற்கைக்கோள் வழியாக வேகத்தைக் கவனித்துச் சொல்லும் ஜிபிஎஸ் பெட்டி உண்டு. அறுபதைத் தாண்டக் கூடாது. தமிழ்மதியின் பெட்டி ஒரே மாதத்தில் பல முறை புகார் சொல்லியிருந்தது. ஒரு நாள் அறுபத்து நான்கு, ஒரு நாள் அறுபத்தைந்து.

"இது சும்மா ஃபைலுக்கும்மா. நம்ம டிரைவர் பொம்மையனே ரெண்டு தடவ கையெழுத்து போட்டுட்டான். போட்டமா, போனமான்னு இருக்கணும்."

"அவரு வேகமா ஓட்டிருப்பாருங்க, போட்டாரு. நான் அறுபது தாண்டவே இல்லீங்களே. மீட்டர் முள்ளு அறுபதுலயேதான் நிக்கும்."

"அப்ப பொட்டி பொய் சொல்லுதா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. நான் சொல்லல."

ராயப்பராஜ் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்தார். "சனிக்கிழம வரைக்கும் டைம். கையெழுத்து வரலன்னா திங்கக்கிழம அந்த ரூட்டுக்கு வேற வண்டி போகும்."

தமிழ்மதி படியிறங்கினாள். முப்பத்தொன்பது வயது. பிறந்தது நெய்க்காரப்பட்டியில். கல்யாணமாகி திண்டுக்கல் வந்து பத்து வருஷம் நூற்பாலையில் நின்றாள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கியதும் ஒரு நாள் ஷிப்ட் முடிந்து நேராக டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ப் பெயர் கொடுத்தாள். பதினோரு பேரில் அவள் ஒருத்திதான் பெண். கற்றுக்கொடுத்தவர் முதல் வாரம் முழுக்க அவளைப் பின்சீட்டில் உட்கார வைத்து வேடிக்கை பார்க்கச் சொன்னார். இரண்டாவது வாரம் அவளே முன்கதவைத் திறந்து ஏறிச் சாவிக்குக் கை நீட்டினாள். அப்புறம் பழைய சின்னக் கார் ஒன்று, மஞ்சள் நம்பர் பலகை, இந்த ஒப்பந்தம். நாலு வருஷமாகக் காலையில் நெய்க்காரப்பட்டி வரை போய், திரும்பும் வழியில் பழனியிலும் ஒட்டன்சத்திரத்திலும் ஐஸ் பெட்டியில் ரத்தக் குப்பிகளை நிரப்பிக்கொண்டு பன்னிரண்டு மணிக்குள் திண்டுக்கல் வந்துவிடுவாள். ஒரு நாள் தவறியதில்லை.

கையெழுத்துப் போடுவது பெரிய விஷயமில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். பூட்டுக் கடையில் வேலை பார்க்கும் கணவர் சிவபிரகாஷ்கூட, "ஒரு தாள்தானே" என்றார். அந்தத் தாளில் 'தெரிந்தே' என்று ஒரு சொல் இருந்தது. அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. பொய் சொல்கிறவள் என்று அவளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நாளைக்கு ஐஸ் பெட்டியில் ஒரு குப்பி குறைந்தாலும் அந்தத் தாளை எடுத்து நீட்டுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பும்போது ஒரு முடிவு செய்தாள். தினமும் ஆய்வுக்கூட வாசலில் தூர மீட்டரைச் சுழியில் வைத்துத்தான் புறப்படுவாள். அதோடு மைல்கல்லையும் எண்ணுவோம் என்று தொடங்கினாள். நாலுவழிச்சாலையில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கல் இருக்கிறது. பத்தாவது கல் தாண்டியபோது மீட்டரில் ஒன்பது புள்ளி மூன்று. இருபதாவது கல்லில் பதினெட்டு புள்ளி ஆறு. கல் முன்னே போக, மீட்டர் பின்தங்கிக்கொண்டே வந்தது.

நெய்க்காரப்பட்டி போய் நின்றபோது அறுபத்து மூன்று. அந்த எண்ணைப் பார்த்ததும் தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. அது புது எண் இல்லை. மூன்று வருஷத்துக்கு மேல் அறுபத்தெட்டு காட்டிய தூரம், ஒரு மாதத்துக்கு முன் திடீரென்று அறுபத்து மூன்றானது. அப்போதே பார்த்தாள். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு வளைவை நேராக்கியிருந்தார்கள், அதனால் தூரம் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். ஒரு வளைவை நிமிர்த்தினால் ஐந்து கிலோமீட்டர் குறையுமா? யோசிக்கவே இல்லை.

ஒரு மாதத்துக்கு முன் வேறென்ன மாறியது? அது பளபளவென்று கண் முன்னாலேயே இருந்தது. நாலு அலாய் வீல்.

கொழுந்தன் பழனிக்குமார் கொடுத்தது. சிவபிரகாஷின் தம்பி. பெரிய கார் வைத்திருக்கிறான். அதற்கு இன்னும் அகலமான சக்கரம் வாங்கியபோது கழற்றிய பழைய நாலையும் டயரோடு கொண்டுவந்து அவள் வண்டியில் மாட்டிவிட்டான். "பாக்க டாக்ஸி மாதிரியே இருக்கு மதினி. கொஞ்சம் கெத்தா இருக்கட்டும்" என்றான். "டாக்ஸிதானேப்பா" என்றாள். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வளைவுகளில் முன்சக்கரம் எங்கோ உரசிக் கரகரத்தது. பழகிவிடும் என்றான். பழகியும்விட்டது.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் டிக்கியைத் திறந்து, அடியில் கிடந்த ஸ்டெப்னியைத் தூக்கி வெளியே எடுத்தாள். நாலு சக்கரத்தை மாற்றியவன் ஐந்தாவதைத் தொடவில்லை. அது வண்டியோடு வந்த பழைய இரும்புச் சக்கரம். அலாய் வீலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். மூன்று விரற்கடை குட்டை. ஸ்டெப்னியின் பக்கவாட்டில் 155, 80, 13 என்று இருந்தது. டயரின் அகலம், அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம், ரிம் எத்தனை அங்குலம் என்பது அதன் பொருள். அலாயில் 185, 65, 15.

பழனிக்குமார் பைக்கில் வந்து இறங்கினான். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரித்தான்.

"கல்லு நட்டவன் தப்பா நட்டுருப்பான் மதினி."

"அறுபத்தெட்டு கல்லையுமா?"

"சரி, விடுங்க. மீட்டர்ல அம்பத்தஞ்சு வச்சு ஓட்டுங்க. பொட்டில அறுபதுக்குள்ளதான் வரும். சோலி முடிஞ்சது."

"தெனமும் என் கண்ணு முன்னாடி இருக்குற முள்ளு பொய் சொல்லும். நான் மனசுக்குள்ளயே கூட்டிக் கழிச்சுக்கிட்டு ஓட்டணுமா? என்னால ஆகாது. என் பழைய ரிம் நாலும் எங்க?"

அவன் பைக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். "அதக் காயலாங்கடையில போட்டுட்டேன். துருப்பிடிச்சு கெடந்துச்சு மதினி."

"துருப்பிடிச்சாலும் அளவு சரியா இருந்துச்சு."

"கை நீட்டி வாங்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு?" என்றான். முகம் சுண்டிவிட்டது.

"வாங்குனது என் தப்புதான். அதுக்கு வேணா ஒரு தாள் அடிச்சுட்டு வா, கையெழுத்துப் போடுறேன்."

சனிக்கிழமை பன்னிரண்டுக்குள் மாதிரிகளை ஒப்படைத்துவிட்டு வண்டியை ஆய்வுக்கூட வளாகத்தின் நடுவில் நிறுத்தினாள். மாடியைப் பார்த்து, "சார், செத்த நேரம் கீழ வாங்க" என்று கூப்பிட்டாள். ராயப்பராஜ் இறங்கி வருவதற்குள் ஜாக்கி ஏறி, முன்னிடது சக்கரம் கழன்று அவள் கையில் இருந்தது. சாப்பாட்டுப் பையைத் திறந்திருந்த டிரைவர்கள் மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள்.

"தமிழக்கா சர்க்கஸ் காட்டுதுடா" என்றார் பொம்மையன். மற்ற ஒன்பது டிரைவர்களில் வயதில் மூத்தவர் அவர்தான். எல்லாரையும் போல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"டிக்கெட் இல்லீங்கண்ணா. நல்லா பக்கத்துல வந்து பாருங்க."

சிமென்ட் தரையில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டாள். ஸ்டெப்னியில் தரையைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி மறுபடி தரைக்கு வரும்வரை உருட்டினாள். ஒரு சுற்று. நின்ற இடத்தில் ஒரு கோடு. அலாய் வீலையும் அதே கோட்டிலிருந்து அதேபோல் உருட்டினாள். தையல் டேப் நூற்றைம்பதோடு முடிந்துவிடும். முடிந்த இடத்தில் விரலை ஊன்றி மறுபடி பிடித்தாள்.

"சின்னது நூத்தி எம்பத்தொண்ணு சென்டிமீட்டர். பெருசு நூத்தித் தொண்ணத்தஞ்சு. மீட்டருக்குச் சக்கரம் மாறுனது தெரியாதுங்க சார். ஒரு சுத்துன்னா நூத்தி எம்பத்தொண்ணுன்னுதான் அது எண்ணும். முள்ளுல அறுபதுன்னா ரோட்டுல அறுபத்து நாலரை. உங்க பொட்டி என்ன சொல்லுச்சு?"

பொம்மையன் திரும்பித் தன் வண்டியின் டயரைப் பார்த்தார். அதுவும் கொழுத்த டயர்தான்.

ராயப்பராஜ் குனிந்து கோட்டைப் பார்த்தார். லேசில் இறங்கி வருகிற ஆள் இல்லை. "சரிம்மா. பொட்டி சொன்னது உண்மன்னு நீயே காட்டிட்ட. அறுபத்து நாலுல போயிருக்க. அப்பக் கையெழுத்துப் போட வேண்டியதுதானே?"

"போனது உண்மைங்க. தெரிஞ்சே போகல. ரெண்டும் வேறங்க."

ஐஸ் பெட்டியின் மேல் வைத்திருந்த இன்னொரு தாளை எடுத்து நீட்டினாள். அவள் கையெழுத்தில் மூன்றே வரி. பெரிய டயர் போட்டதால் மீட்டர் குறைத்துக் காட்டியது. அது தெரியாமல் ஓட்டியது என் தவறு. திங்கட்கிழமைக்குள் டயரை மாற்றிவிடுகிறேன். கீழே முழுப் பெயரும் போட்டிருந்தாள்.

"இதுல போட்டிருக்கேன். அதுல போட மாட்டேன்."

அவர் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இது இருக்கட்டும். அதுவும் ஃபைல்ல இருக்கட்டும். திங்கக்கிழம நீயே போ. பொட்டி என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

மத்தியானம் அக்பர் அலியின் டயர் கடை. பின்னாலேயே பழனிக்குமாரும் வந்து நின்றான். அலாய் வீல்களைத் திருப்பி எடுத்துப் போக வந்ததாகச் சொன்னான். ஆனால் கடைக்காரர் கேள்வியெல்லாம் அவனைப் பார்த்தே கேட்டார். "என்ன அளவு தம்பி பாக்குறீங்க?"

"வண்டி என்னுது பாய்" என்றாள் தமிழ்மதி.

அக்பர் அலி உடனே நாற்காலியைத் திருப்பிப் போட்டார். "சொல்லும்மா."

"பதிமூணு இஞ்சு. இரும்பு ரிம் நாலு, டயர் நாலு."

"பதிமூணு எதுக்கும்மா? உன் காருலயே விலை கூடுன மாடலுக்குக் கம்பெனியே பதினாலு குடுக்குறான். நூத்தி அறுபத்தஞ்சு, எழுபது, பதினாலு. மீட்டரும் ஏறக்கொறைய சரியாயிருக்கும். அலாய்ல போட்டா வண்டி சும்மா ஜொலிக்கும்."

பழனிக்குமார் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அதான் பாய். அதான் நானும் சொல்ல வந்தேன்."

அவள் யோசித்தாள். பதினாலு தப்பில்லை. நேர்மையான அளவுதான். ஆனால் டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி பதின்மூன்று. வழியில் பஞ்சரானால் ஒரு பக்கம் ஒரு அளவு, மறுபக்கம் வேறு அளவு. நெய்க்காரப்பட்டியில் மெயின் ரோட்டிலிருந்து ரத்தம் எடுக்கும் மையத்துக்குப் போகும் தெருவில் குழிக்குக் குறைவில்லை. டயரின் பக்கச்சுவர் உயரமாக இருந்தால் அடியை அது வாங்கிக்கொள்ளும், குப்பிகள் குலுங்காது. இரும்பு ரிம் நெளிந்தால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். அலாய் விரிசல் விட்டால் தூக்கித்தான் போட வேண்டும்.

"அஞ்சும் ஒண்ணா இருக்கணும் பாய். பதிமூணே எடுங்க."

"மறுபடியும் டாக்ஸி மாதிரி ஆயிரும் மதினி" என்றான் பழனிக்குமார்.

"ஆகட்டும். டாக்ஸிய வச்சுத்தானே சோறு திங்கிறேன்."

உள்ளேயிருந்து நாலு டயர் உருண்டு வந்தது. தமிழ்மதி குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றின் பக்கவாட்டையும் செல்போன் வெளிச்சத்தில் தடவிப் பார்த்தாள். ரப்பரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம்.

"இது ரெண்டும் இந்த வருஷம். இது ரெண்டும் நாலு வருஷத்துக்கு முந்துனது பாய்."

"ஓடாத டயரும்மா. புதுசு. பேப்பர்கூடப் பிரிக்கல."

"ஓடலதான். ஆனா வயசு போயிருக்கே. உள்ளயே கெடந்தா ரப்பர் எளசாவா இருக்கும்?"

அக்பர் அலி பழனிக்குமாரைப் பார்த்தார். "தம்பி, உங்க மதினி எப்பவும் இப்புடித்தானா?"

"இப்பத்தான் பாய் எனக்கே தெரியுது" என்றான் அவன்.

உள்ளே போய் வேறு இரண்டைக் கொண்டுவந்தார். அவள் எண்ணைப் படித்துத் தலையாட்டிய பிறகே மாட்டினார்கள். நாற்பது பவுண்டு காற்றடிக்கப் போன கடைப் பையனின் கையை நிறுத்தி, டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினாள். காற்று அதில் போட்டிருந்த அளவுதான். கழற்றிய நாலு அலாயையும் பழனிக்குமார் ஒரு ஆட்டோவில் ஏற்றினான். ஏறும் முன், "குட்டியாத்தான் இருக்கு. ஆனா வண்டி நிமிந்து நிக்குது மதினி" என்றான். அவள் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை முள் அறுபதைத் தாண்டவில்லை. திருப்பங்களில் கரகரப்பு இல்லை. பத்தாவது கல்லில் மீட்டர் பத்து. நெய்க்காரப்பட்டியில் அறுபத்தெட்டு. மையத்தில் மாதிரி எடுக்கும் ஜீவிதா, "என்னக்கா மீட்டரப் பாத்து சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். "பழைய வீட்டுக்கே திரும்பி வந்துட்டேன் கண்ணு" என்றாள்.

வாரம் முடிந்தது. அவள் பெட்டியிலிருந்து ஒரு புகாரும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வளாகத்துக்குள் வண்டியைத் திருப்பும்போது போன் வந்தது. ராயப்பராஜ்.

"ஏம்மா, பொம்மையன் குடுத்த ரெண்டு கையெழுத்தையும் திருப்பிக் கேக்குறான். அவன் டயரும் பெருசாம். இப்ப ஆளாளுக்கு எம் மீட்டரு தப்பு, உம் மீட்டரு தப்புன்னு நிக்கிறாங்க. ஒம்பது வண்டியையும் அளந்துரலாம். நீ கொஞ்சம் உருட்டிக் காட்டணும்."

"காட்டலாமுங்க சார். அந்தத் தாள் எங்க இருக்கு?"

"எந்தத் தாள்?"

"என் பேரு போட்ட தாளுங்க. 'தெரிந்தே'ன்னு எழுதுனது."

போனில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "ஃபைல்ல இருக்கு. அதான் கையெழுத்தே இல்லையேம்மா. இருந்துட்டுப் போகுது."

"இருக்கக் கூடாதுங்க. அத எடுத்துட்டுக் கீழ வாங்க. நான் டேப்போட நிக்கிறேன்."

ஒன்பது கார்கள் வரிசையாக நின்றன. பொம்மையன் தன் வண்டிக்கு ஜாக்கியே ஏற்றிவிட்டார். தமிழ்மதி சிமென்ட் தரையில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டாள். பிறகு டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சக்கரத்தைத் தொடாமல், மாடிப்படியைப் பார்த்து நின்றாள்.

ராயப்பராஜ் இறங்கி வந்தார். கையில் தாள் இருந்தது.

"கிழிச்சதும் உருட்டலாமுங்க சார்" என்றாள்.

அவர் நாலாகக் கிழித்தார். அவள் கை நீட்டித் துண்டுகளை வாங்கினாள். நாலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கியில் போட்டாள். அப்புறம்தான் பொம்மையனின் சக்கரத்தில் கை வைத்தாள்.