சந்தானம் என்றால் பந்தை விடு

விஜயகுமாரி பி.டி. டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் மைதானம் காணாமல் போனது 2005ஆம் வருடக் கோடை விடுமுறையில். ஜூனில் திரும்பிப் போனால், த்ரோபால் கோடு போட்டிருந்த இடத்தில் கம்ப்யூட்டர் லேபுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் இனி எங்கே விளையாடுவார்கள் என்று கேட்டதற்கு, நிர்வாகி மிகுந்த அன்போடு, "கம்ப்யூட்டர்லயே நிறைய கேம்ஸ் இருக்கு மேடம்" என்றார். மைதானம் இல்லாத பள்ளிக்கு பி.டி. டீச்சர் எதற்கு என்று அவர்களுக்குத் தோன்ற ஒரு வருடம் பிடித்தது. தோன்றியதும் சொல்லிவிட்டார்கள்.

ஹைதராபாத்தில் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்குள்ள ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருக்கும் துரைராஜைக் கட்டிக்கொண்டு, நான்கு தெரு தள்ளி இன்னொரு குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனவர் விஜயகுமாரி. கல்லூரி நாட்களில் ஆந்திர மாநில அணிக்கு த்ரோபால் ஆடியவர். அதன் அடையாளமாக வலது கட்டைவிரல் கொஞ்சம் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். குரல் மட்டும் எப்போதும் நேராகத்தான் போகும். அவர் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் அடுத்த லைனில் விசில் என்று நினைத்துக் குக்கரை இறக்குவார்கள்.

அடுத்த வேலை பேப்பர் விளம்பரத்தில் கிடைத்தது. மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி, பெண்கள் த்ரோபால் அணிக்கு மூன்று மாத ஒப்பந்தத்தில் கோச் தேடியது. கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் போட்டியில் முந்தைய வருடம் அவர்கள் அணி முதல் சுற்றிலேயே வெளியே வந்திருந்தது. எதிரணி சர்வீஸ் போடுவதை நின்று பார்த்துவிட்டு வந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த அவமானத்தை அலுவலகத்திலேயே மனதில் வைத்திருந்த ஒரே ஆள் எச்.ஆர். மேலாளர் சந்தானம்.

சந்தானம் சென்னைக்காரர். விறுவிறுவென்று நடப்பார். ஒவ்வொரு மாடியிலும், ஒவ்வொரு வரிசையிலும் நின்று, "என்ன டீம், எப்படிப் போகுது? எதுவா இருந்தாலும் வாங்க, என் கதவு எப்பவும் திறந்திருக்கும்" என்று முழங்கிவிட்டு, பதில் வருவதற்குள் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். கதவு திறந்துதான் இருக்கும். உள்ளே அவர்தான் இருக்கமாட்டார்.

விஜயகுமாரியை வேலைக்கு எடுத்த அன்றே ஒரு அட்டையைக் கொடுத்தார்.

"மேடம், டீம்னா ஒரே பாஷை பேசணும். அது ரொம்ப முக்கியம். நானே உட்கார்ந்து யோசிச்சு வச்சிருக்கேன்."

பந்தைப் பிடிக்கப் போகிறவர் 'ஓனர்ஷிப்' என்று குரல் கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுப்பவர் 'டிரஸ்ட்' என்று சொல்ல வேண்டும். பாயின்ட் எடுத்ததும் எல்லோரும் சேர்ந்து 'சினர்ஜி'. மூன்றும் கம்பெனிச் சுவர்களில் பெரிய எழுத்தில் மாட்டியிருந்த வார்த்தைகள்தான்.

"ஹவ் சார்," என்று ஹைதராபாத் வழக்கில் ஆமாம் போட்டு வாங்கிக்கொண்டார் விஜயகுமாரி. வேலை புதிது.

அலுவலகக் கட்டடத்துக்குப் பின்னால், அடுத்த கட்டடம் வருவதற்காகப் பாறையை உடைத்துச் சமன்செய்த இடத்தில் பயிற்சி. ஏழு பெண்கள், ஐந்து தாய்மொழிகள். திருநெல்வேலியிலிருந்து வந்த ரோகிணி வாயைத் திறந்தால் மூடமாட்டாள். தார்நாக்காவில் வளர்ந்த அனுபமாவுக்குத் தமிழ் முழுதாகப் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும். கல்கத்தாவின் மௌசுமி, எதிர்ச்சாரியில் இருந்த கம்பெனியின் இன்னொரு கட்டடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். அவளுக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் நம்புவாள்.

த்ரோபாலில் பந்து தரையில் விழக்கூடாது. வலையைத் தாண்டி வரும் பந்தை இரண்டு கையாலும் பிடித்து, உடனே ஒரு கையால் திருப்பி எறிய வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் இந்த ஏழு பேரும் நாள் முழுக்க ஈமெயிலில் மரியாதை காட்டிப் பழகியவர்கள். பந்து இருவருக்கு நடுவில் வந்தால் இவள் அவளைப் பார்ப்பாள், அவள் இவளைப் பார்ப்பாள், பந்து நடுவில் விழும். பிறகு இருவரும் சேர்ந்து "சாரி" சொல்வார்கள்.

"கைக்கு, எதுக்கு சாரி?" என்று கேட்டார் விஜயகுமாரி. "சாரி போய் பந்தைப் புடிக்குமா?"

சந்தானத்தின் அட்டையை இரண்டு நாள் உண்மையாகவே முயன்று பார்த்தார். 'ஓனர்ஷிப்' என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து விழுந்து, உருண்டு, பாறையில் போய் நின்றுவிடும். இரண்டாம் நாள் அனுபமாவும் மௌசுமியும் ஒரே நேரத்தில் ஓனர்ஷிப் எடுத்ததில் மண்டையோடு மண்டை மோதிக்கொண்டார்கள். கீழே உட்கார்ந்திருந்த அனுபமா நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "நக்கோ மேடம், நக்கோ" என்றாள்.

அணியில் ஒருத்திக்கு மராத்தி, ஒருத்திக்குப் பஞ்சாபி, ஆனாலும் வேண்டாம் என்கிற அந்த உள்ளூர் வார்த்தை எல்லோருக்கும் புரிந்தது. ஹைதராபாத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே ஆட்டோக்காரர்கள் கற்றுக்கொடுத்திருந்தார்கள். விஜயகுமாரி அட்டையைக் கைப்பைக்குள் வைத்தார்.

"கேளுங்க. நான் புடிக்கறேன்னா 'ஹவ்'. உடு, வெளியே போகுதுன்னா 'நக்கோ'. வேற ஒண்ணும் வேணாம்."

ஒரு வாரத்தில் பந்து விழுவது பாதியாகக் குறைந்தது. அதன்பின் வார்த்தைகள் தானாக முளைத்தன. வலையை ஒட்டி மெத்தென்று விழும் பந்துக்கு 'இட்லி'. பின்கோடு வரை வரப்போவதாக ஆசை காட்டி, உயர உயரப் போய், நடுவிலேயே பொத்தென்று விழும் பந்துக்கு 'அப்ரைசல்'. அந்த வருடச் சம்பள உயர்வை வாங்கியவர்கள் யாரும் அதற்கு விளக்கம் கேட்கவில்லை.

ஒரே ஒரு வகைப் பந்துதான் தொல்லையாக இருந்தது. நெஞ்சைப் பிளந்துவிடும்போல வேகமாக வரும். பயத்தில் கையைத் தூக்கித் தொட்டுவிடுவார்கள். தொடாமல் விட்டிருந்தால் தோளுக்கு மேலே போய் வெளியே விழுந்திருக்கும். நக்கோ என்று கத்தினாலும் கை கேட்காது. ஒரு நாள் அப்படி ஒன்று சீறிக்கொண்டு வந்தபோது ரோகிணி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டே சொன்னாள்: "ஏட்டி, விடுங்கடி. சந்தானம் வாராரு. சத்தம் போட்டுட்டு அவரே போயிருவாரு."

பந்து வெளியே போய் விழுந்தது. சிரித்துச் சிரித்து அனுபமாவுக்கு விக்கல் வந்துவிட்டது. விஜயகுமாரிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நக்கோவுக்குக் கேட்காத கைகள் 'சந்தானம்' என்றதும் தாமாக இறங்கின. ஒரு கோச் இதைப் போய் வேண்டாம் என்பாரா?

போட்டி தொடங்கியது. முதல் மேட்ச்சுக்குச் சந்தானமே வந்தார். ஆட்டத்தின் நடுவில் எதிரணி ஒரு பந்தை ஓங்கி எறிய, ஏழு தொண்டைகள் ஒரே குரலில் "சந்தானம்" என்றன. பந்து வெளியே. மறுபடி ஒன்று, மறுபடி "சந்தானம்", மறுபடி வெளியே. பார்த்துக்கொண்டிருந்த எச்.ஆர். மேலாளரின் முகம் மெல்ல மாறியது. அவர் எழுந்து நின்று, கையைத் தூக்கி, கூட்டத்தைப் பார்த்து அசைத்தார்.

மேட்ச் முடிந்ததும் வந்து நின்றார். கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"மேடம், பதினேழு வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கேன். என் பேரைச் சொல்லி யாரும் கை தட்டினதுகூட இல்லை."

விஜயகுமாரி கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னபோது துரைராஜுக்கு டீ புரைக்கேறியது. "எங்க ஷாப்புல ஃபோர்மேனுக்கு ஒரு பேரு வச்சிருக்கோம், உங்கிட்ட சொல்ல முடியாது. அவரு ரிட்டையர் ஆகிற வரைக்கும் தெரியக்கூடாது. அதான் ரூலு."

"இந்தாளுக்குத் தெரிஞ்சா?"

"ஹவ்ன்னு சொல்லிட்டு வேற வேலை பாரு."

சந்தானம் அதற்குப்பின் ஒரு மேட்ச்சையும் விடவில்லை. புது ஜெர்சி வந்தது. மாம்பழ ஜூஸ் வந்தது. கம்பெனியின் உள்பத்திரிகையில், 'என் பெயர் ஒலிக்கும்போதெல்லாம் எதிரணியின் பந்து எல்லைக்கு வெளியே போவதை நானே பலமுறை கவனித்தேன்' என்று அடக்கமாக ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்தவர்கள் காபி மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரோகிணிக்கு அந்த வாரம் முழுக்க ராஜமரியாதை.

காலிறுதியை ஜெயித்த அன்று எல்லோரும் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தானம் மௌசுமியிடம், தமிழ் தெரியாத பெண்கூட இவ்வளவு உற்சாகமாகக் கத்துகிறாளே என்று இங்கிலீஷில் பாராட்டினார். அவள் வேறு கட்டடம். அவரை 'எச்.ஆர். சார்' என்றுதான் அறிவாள்.

"ரொம்ப நல்ல வார்த்தை சார் அது," என்றாள் அவளும் இங்கிலீஷில். "எங்கள் பெங்காலியில் அப்படி ஒரு வார்த்தையே இல்லை. பயங்கரச் சத்தத்தோடு வரும், ஆனால் ஒன்றும் செய்யாமல் போய்விடும். அதைத் தமிழில் ஒரே சொல்லில் சந்தானம் என்கிறீர்கள்."

ரோகிணி சமோசாவை வாயில் வைத்தபடி உறைந்தாள். சந்தானம் தன் சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டு, தட்டை மேஜையில் வைத்துவிட்டு, மெதுவாக நடந்து போனார். அவர் மெதுவாக நடந்து யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் விஜயகுமாரியைக் கூப்பிட்டார். அன்று கதவு சாத்தியிருந்தது, உள்ளே அவர் இருந்தார்.

"யாரு வச்ச பேரு?"

"நான்தான் சார்."

"பொய் சொல்றீங்க."

"யாரு வச்சா என்ன சார்? வேணாம்னு நான் சொல்லல. அப்போ நான் வச்ச மாதிரிதான்."

சந்தானம் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நான் நிஜமாவே அப்படித்தானா?"

"எனக்குப் பந்து தெரியும் சார். ஆபீஸ் தெரியாது."

அது ஆறுதல் இல்லை என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது. சந்தானம் திரும்பிக் கேட்டார்: "உங்களை என்ன சொல்றாங்கன்னு தெரியுமா?"

"மேடம்னு சொல்றாங்க."

"முதுகுக்குப் பின்னாடி 'பவர் கட்'. நீங்க வந்தா எல்லாரும் பண்ணிட்டு இருக்கிறது அப்படியே நின்னுடுமாம். நேத்து விசாரிச்சேன்."

விஜயகுமாரி லாலாகுடாவுக்கு இரண்டு பஸ் மாறி வந்த நேரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தார். அத்தனை வார்த்தைகளையும் உட்கார்ந்து ரசித்தவர், தனக்கும் ஒன்று இருக்கும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. கோபமாக வந்தது. அடுத்த நிமிடம், பொருத்தமான பேர்தான் என்றும் பட்டது. அதனால் இன்னும் கோபமாக வந்தது. சந்தானத்துக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவருக்கு முழுதாக விளங்கியது.

அடுத்த பயிற்சியில், "பவர் வந்துடுச்சு, வரிசையா நில்லுங்க" என்றார். ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். "எனக்கு வச்சது இருக்கட்டும். ஆனா அந்தாளு பேரு இனிமே நக்கோ. வேற வார்த்தை தேடுங்க."

தேடினார்கள். 'பஸ்' என்றார்கள், 'பட்டாசு' என்றார்கள். எதற்கும் கை இறங்கவில்லை. அரையிறுதியில் பந்து சீறிக்கொண்டு வரும்போதெல்லாம் "சந்" என்று தொடங்கி வாயை மூடிக்கொண்டார்கள். அந்தத் தயக்கத்தில் விரல் பந்தில் பட்டது. முதல் செட் போயிற்று. சந்தானமும் வந்திருந்தார். முன்னால் வராமல் தண்ணீர் கேன்களுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

இரண்டாம் செட் தொடக்கத்தில் அனுபமாவின் நெஞ்சுக்கு நேரே ஒன்று வந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் கேன் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"சந்தானம்!"

கத்தியது சந்தானம்தான். அனுபமாவின் கைகள் இறங்கின. பந்து வெளியே போய் விழுந்தது. மைதானம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டார், காது மட்டும் சிவந்திருந்தது. அடுத்த பந்துக்கு ரோகிணி கத்தினாள், அதற்கடுத்ததற்கு ஏழு பேரும். செட்டை ஜெயித்தார்கள். சந்தானம் தண்ணீர் கேனை விட்டு நகர்ந்து நகர்ந்து, கோட்டுக்கு அருகிலேயே வந்துவிட்டார். வெளியாள் குரல் கொடுக்கக்கூடாது என்று அம்பயர் எச்சரித்ததும் தலையாட்டினார்.

மூன்றாம் செட் கடைசிவரை இழுத்தது. கடைசிப் பந்து வேகமாக வந்தது. ரோகிணி பிடிக்கத் தயாராக இருந்தாள், "ஹவ்" என்றும் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் சந்தானத்தால் தாங்க முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து தன் பெயரைக் கத்தினார். ஏழு பேரும் கையை இறக்கினார்கள். பந்து கோட்டுக்குள் ஒரு சாண் தள்ளி விழுந்தது.

அணி தோற்றது. சந்தானம் பந்து விழுந்த இடத்தைப் பார்த்தபடி, "எனக்கு வெளியேன்னுதான் தெரிஞ்சுது" என்றார். முதலில் சிரித்தது மௌசுமி. பிறகு எல்லோரும். அவரும்.

மூன்று மாத ஒப்பந்தத்தை அவரே இரண்டு வருடத்துக்கு நீட்டித்தார். 2008 கடைசியில் அமெரிக்காவில் எந்தெந்த வங்கியோ சரிந்ததில் மாதாப்பூரில் முதலில் நின்றது த்ரோபால். அடுத்த வருடம் சந்தானத்தின் வேலையும் போனது. சென்னைக்குத் திரும்பிவிட்டார். அவரை அனுப்பிவைக்க ஸ்டேஷனுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அந்த அணிதான்.

விஜயகுமாரி இப்போது நாச்சாரத்தில் ஒரு பாட்டில் மூடித் தொழிற்சாலையின் பெண்கள் அணிக்குக் கோச். முதல் நாளே ஹவ், நக்கோ எல்லாம் சொல்லிக்கொடுத்தார். யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் பந்தும் விழவில்லை. நாள் முழுக்க மெஷின் இரைச்சலில் நிற்கும் அந்தப் பெண்கள் பேசுவதே கிடையாது, எல்லாம் புருவத்தில்தான். இடப்புருவம் ஏறினால் ஒன்று, இரண்டும் ஏறினால் வேறொன்று. கோச் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, அவர்கள் பாட்டுக்குப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு ஜெயித்தார்கள்.

அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிக்கொண்டிருந்ததைத் துரைராஜ் பார்த்துவிட்டார்.

"கண்ணுல ஏதாவது விழுந்துடுச்சா விஜி?"

"இல்ல. வேலைக்குத்தான்," என்றார் விஜயகுமாரி. வலப்புருவம் மட்டும் இன்னும் தனியாக ஏற மறுத்தது.