நடை திறக்கும்வரை

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன எழுதுவது என்ற கூச்சம் ஒன்று. மருமகளைப் புகழ்ந்தால் கண் பட்டுவிடுமே என்ற பயம் அதைவிடப் பெரிது.

வலியசாலை வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மகன் வளைகுடாவில். மருமகள் மலையாளத்துப் பெண். தமிழ் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு பேசப் பழகியது. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், ஆனால் கம்ப்யூட்டரில் மெமரி கூடுதலாக வேண்டும், இல்லாவிட்டால் கொச்சிக்கு வந்துவிட வேண்டும் என்று அவள் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவள் போய்விட்டால் நான் யாரோடு பேசுவேன்? எனக்கு அந்த ஒரு கவலைதான்.

தம்பானூரில் ஒரு கடையில் புது மெமரி வாங்கி வந்தாள். விரல் நீளத்துக்குச் சின்னப் பட்டை. பழையதைக் கழற்றாமல் பக்கத்திலேயே செருகினாள். நான் சாமிக்கு விளக்கேற்றிவிட்டு வந்து பார்த்தால் திரை ஒரே கறுப்பு. உள்ளே விசிறி மட்டும் சுற்றுகிறது. தானே அணைந்தது, தானே உயிர் வந்தது, மறுபடியும் கறுப்பு.

"அணைச்சுடுடி கொழந்தே, எரிஞ்சு போயிடப் போறது!"

அணைத்தாள். போட்டாள். அதே கறுப்பு. திரும்பவும் அணைத்தாள். கடைசியில் கடைக்காரருக்குப் போன் செய்து பேசிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அம்மே, இது நட அடச்சிருக்கு, கேட்டோ! ரெண்டும் வேற வேற மெமரி அல்லே? எந்த வேகத்துல ரெண்டும் ஒத்துப்போகும்னு உள்ள பரிசோதிச்சுப் பாக்குது. முதல் தடவ நேரமெடுக்குமாம். நம்ம அணைக்க அணைக்க, அது பாவம் ஆதியிலேர்ந்து தொடங்குது."

நடை அடைத்திருக்கிறது என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. சன்னதிக் கதவு சாத்தியிருக்கும்போது யாராவது போய் இடிப்பார்களா? கைகூப்பி நின்று நாமம் சொல்ல ஆரம்பித்தேன்.

"ஐயோ, கம்ப்யூட்டரையா கும்பிடறீங்க? ஒக்காருங்கோ அம்மே!"

உட்கார்ந்தேன். அவளும் என்னை ஒட்டி உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் திரையில் வெளிச்சம் வந்தது.

"புதுசுக்கு வேகம் கூடுதல். ஆனா பழசோட வேகத்துக்குத்தான் ரெண்டும் ஓடும்," என்றாள்.

"அப்போ பழசு எதுக்குடி எடைஞ்சலா? கழட்டிப் போட்டுடேன்."

"வேண்டா. அதுவும் சேர்ந்தாத்தான் என் வேலைக்கு எடம் மதியாகும், போதும்." பிறகு என்னைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள்: "பழசு அங்கேயே இருக்கட்டும், அம்மே."

அடுக்களைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை அவள் கொச்சிக்கு வண்டி ஏறவில்லை. முன்னறையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள்.

மாமியார் ஜபித்ததில் கம்ப்யூட்டர் பிழைத்தது என்று உறவில் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அப்படி இல்லை. கையை வைக்காமல் சும்மா இருக்கும் பொறுமையைத்தான் பகவான் எங்களுக்குக் கொடுத்தார். மீதியை அந்த இரண்டு பட்டைகளும் தங்களுக்குள் பார்த்துக்கொண்டன. நீங்கள் யாருக்காவது இதைச் சொல்வதானால் நடந்தபடியே சொல்லுங்கள். அற்புதம் எதையும் சேர்க்க வேண்டாம். அவள் கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.