மதினி அனுப்பிய ஆட்டுக்கால் சூப்

என் கணவருக்குக் கணையத்தில் கேன்சர். இரண்டாவது தடவை கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் அதைச் சிங்களத்தில் விளக்கினார். கட்டியைச் சுற்றி உடம்பே நார் நாராக ஒரு வலை பின்னி வைத்திருக்கிறதாம். உறுப்புகளைத் தாங்கிப் பிடிக்கிற நார்தானாம் அது, கொலாஜன் மாதிரியான புரதங்கள். இங்கே அளவு மீறி இறுகிப்போய் மருந்தை உள்ளே விடாதாம். கேன்சர் செல்கள் அதையே பிடித்துக்கொண்டு ஈரல் பக்கம் நகருமாம். நாங்கள் மாத்தளைக்காரர்கள் என்பதால், மிளகுக் கொடி மரத்தைப் பிடித்து ஏறுகிற மாதிரி என்றார்.

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கும் நன்றாக விளங்கியது. அதுதான் பிசகாகிப் போயிற்று.

பஸ்ஸில் வரும்போதே மகளைக் கேட்டேன், இந்தக் கொலாஜன் எதில் இருக்கிறதென்று. அவள் போனில் தேடி, ஆட்டுக்கால், கோழித்தோல், மீன்தோல் என்று வாசித்தாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. மிச்சத்தை நானே கூட்டிக்கொண்டேன்.

அவருடைய அக்கா, என் மதினி, அலுவிகாரையில் இருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுக்கால் சூப் அனுப்புவாங்க. விடியவே அடுப்பில் வைத்தால், ஜும்ஆத் தொழுகை முடியும்போது எங்கள் வாசலுக்கு வந்துவிடும். ஆறினால் கட்டிபட்டுப் பசை மாதிரி நிற்கும். அந்தப் பசையைப் பார்க்கப் பார்க்க, அது அவர் வயிற்றில் போய்க் கொடிக்கு மரம் நடுகிற மாதிரியே எனக்குத் தெரிந்தது. பின்பக்கம் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினேன். எதைத் தொடங்கினாலும் சொல்கிற பழக்கத்தில் பிஸ்மில்லாஹ் வேறு சொல்லிவிட்டேன். மதினிக்கு, குடிச்சாரு என்று சொல்லியனுப்பினேன்.

உள்ளே படுத்திருந்தவர், சூப் வாசம் வருதே என்றார். பக்கத்து வீட்டில் என்றேன். அவருக்குக் கஞ்சி கொடுத்தேன். முட்டையும் கொடுக்கவில்லை, மீனும் கொடுக்கவில்லை. பல வெள்ளிக்கிழமை இப்படியே போனது.

அடுத்த கிளினிக்குக்கு மதினியும் வந்தாங்க. தராசில் அவரை ஏற்றிப் பார்த்த டொக்டர், இவ்வளவு மெலியக் கூடாதே, என்ன சாப்பிடக் கொடுக்கிறீங்க என்று கேட்டார். மதினி பெருமையாக, வாராவாரம் நான் சூப் அனுப்புறேன் என்றாங்க. ரொம்ப நல்லது என்றார் டொக்டர். என் கணவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. சூப்பை ஊற்றியதையும், ஏன் ஊற்றினேன் என்பதையும் சொல்லிவிட்டேன்.

டொக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. சாப்பிடுகிற கொலாஜனை வயிறு உடைத்துக் கரைத்துவிடும், அது அப்படியே போய்க் கட்டியில் ஒட்டாது என்றார். அந்த நாரைப் பின்னுவது கட்டியைச் சுற்றி இருக்கிற செல்கள்தானாம்; இவரைப் பட்டினி போட்டாலும் அவை பின்னும். இவருக்குத்தான் தெம்பு போகும்.

வெளியே பெஞ்சில் மதினி என் பக்கத்தில் உட்கார்ந்தாங்க. பிறகு கேட்டாங்க.

"ஏன் புள்ள, என்கிட்ட சொல்லியிருந்தா நான் வைக்காமலே விட்டிருப்பேனே. ஏன் ஊத்தினீங்க?"



இனி சூப் வராது என்றுதான் நினைத்தேன். அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது, தூக்குச்சட்டி நிறைய. சூடாக்கி அவர் முன்னால் வைத்தேன். இரண்டு கரண்டி குடித்தார். மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டே இருந்துவிட்டு, கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"நல்லாத்தான் இருக்கு. இப்ப இறங்க மாட்டேங்குது," என்றார். "நீ குடி. மறுபடி ஊத்திடாத."

அவர் பார்த்துக்கொண்டிருக்க, முழுவதையும் குடித்தேன்.