முன்கூட்டிக் கொடுத்த சாவி

சுங்கை சிப்புட்டில் எனக்கு ஒரு வீடு இருந்தது. ரப்பர் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது ஓரத்து நிலத்தில் எழுப்பிய வரிசை வீடுகளில் ஒன்று. பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் போன பிறகு, என் வீட்டுக்காரரின் முழங்கால் சிகிச்சைக்கு வசதியாக ஈப்போ நகரத்துக்கே போய்விடலாம் என்று முடிவு செய்தோம். அங்கே ஒரு வீட்டுக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. இதை விற்றால்தான் அதை வாங்க முடியும். அதுவரைக்கும் ஈப்போவிலேயே வாடகைக்கு இருந்தோம், இந்த வீடு காலியாகக் கிடந்தது.

வாங்க வந்தவள் முப்பது வயதுகூட ஆகாத பெண். சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் உட்காருகிற வேலை. கணவன் லோரி ஓட்டுகிறான். மாமியார் வீட்டு ஹாலில் இரண்டு பிள்ளைகளோடு பாய் விரித்துப் படுக்கிற குடும்பம்.

"யாராச்சும் தண்ணி குடிக்க எந்திரிச்சாகூட எங்கள தாண்டித்தான் அக்கா போவணும். எனக்குன்னு சாத்திக்க ஒரு கதவு இருந்தா போதும்லா" என்றாள்.

அந்தப் பேச்சிலேயே நான் விழுந்துவிட்டேன். வேறு ஒருவர் விலை கூட்டிக் கேட்டும், இவளுக்குத்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டேன்.

எனக்காக ஒப்பந்தம் எழுதிய வக்கீல் ஈப்போவில் இருந்த ஒரு தமிழ்ப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். கையெழுத்துப் போட்ட அன்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "பேங்க் லோன் போக மிச்சத்த அவங்க கையிலிருந்து மொதல்ல கட்டணும். அத கட்டினாத்தான் பேங்க் தன் காச வுடும். எல்லாம் வந்து சேர்ந்த பெறகுதான் சாவி. அதுவரைக்கும் யாரு கேட்டாலும் குடுக்காதீங்க அக்கா."

கேட்டாள். வாங்க வந்த பெண் எப்படிக் கேட்காமல் இருப்பாள்? வைகாசி முடிய நாலைந்து நாள்தான் இருந்தது. அடுத்து வருகிற ஆனியும் ஆடியும் புதுவீட்டுக்கு ஆகாது. ஆவணி வரைக்கும் அந்த ஹாலிலேயே கிடக்கணுமா என்று நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது. "ஒரே ஒரு நாளு அக்கா. பால் காய்ச்சிட்டு சாயங்காலமே சாவிய திருப்பிக் குடுத்துருறேன்."

வக்கீலிடம் சொன்னேன். "ஒரு நாளுன்னா சரி. ஆனா எழுதி வாங்கணும். அன்னிக்கே சாவி திரும்பி வரணும், சுவத்துல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது" என்றாள்.

"நம்ம சனங்களுக்குள்ள எதுக்கும்மா இதெல்லாம்?"

"நம்ம சனங்கதான் அக்கா எழுதாம வுட்டுட்டு, அப்புறம் என்கிட்ட வந்து அழுவுறாங்க."

என்ன திமிர் இந்தப் பிள்ளைக்கு என்று வீடு வந்து சேரும் வரை காரில் பொருமிக்கொண்டே வந்தேன். எழுதியும் வாங்கவில்லை.

பால் காய்ச்சிய அன்று பொழுது விடியுமுன்னே போய்விட்டேன். பால் பொங்கியதும் அந்தப் பெண் என் காலில் விழுந்து கும்பிட்டாள். எனக்கு ஒரே பூரிப்பு. சாயங்காலம் சொன்ன சொல் மாறாமல் சாவியை நீட்டினாள். இரண்டு கையாலும் நீட்டினாள். நான் அந்தக் கையை மடக்கி, சாவியை அவளிடமே திணித்தேன். "வச்சுக்கம்மா. இனி உன் வீடுதானே!" சுற்றி நின்ற அத்தனை பேரும் என்னைப் பெரிய மனுஷி என்று பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

முதலில் பெயிண்ட் மட்டும் என்றார்கள். பிறகு தரை ஓடு பெயர்ந்திருக்கிறது, குடிவரும் முன்பே மாற்றிவிட்டால் தூசி இருக்காது என்றார்கள். அதற்குப் பிறகு சமையலறை. ஈப்போவிலிருந்து சீனத் தச்சர் வந்து அளவெடுத்து, சுவர் முழுக்க அலமாரி அடித்து, கருங்கல் மேடையும் போட்டார். நான் போகிற போதெல்லாம் சபாஷ் போட்டுவிட்டு வந்தேன். கழுவுத்தொட்டியை ஜன்னல் பக்கம் தள்ளினால் வெளிச்சம் வரும் என்று யோசனை வேறு சொன்னேன். வைகாசியிலேயே பால் காய்ச்சியாகிவிட்டதால் மாதம் பார்க்காமல், ஆனி முடியும் முன்பே ஹாலைக் காலி செய்துவிட்டு அங்கே குடிவந்துவிட்டார்கள். படுக்கையறைக் கதவைச் சாத்தித் திறந்து எனக்குக் காட்டிச் சிரித்தாள்.

ஆடி நடுவில் வக்கீல் போன் பண்ணினாள். மிச்சப் பணத்தை அவர்கள் கட்டவில்லை. பேங்க் காசு அப்படியே நிற்கிறது. ஈப்போவில் எங்களுக்கு வீடு விற்கிறவர் ஏற்கெனவே என்னை நெருக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம்! நேரே போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"கட்ட வேண்டிய காசு எங்க? இந்த ஆடம்பரமெல்லாம் இப்ப யாரு கேட்டா?"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். "அந்தக் காசுதான் அக்கா இது. அப்புறமா பொரட்டிக்கலாம்னு நெனச்சோம். நீங்கதானே உன் வீடுன்னு சொன்னீங்க..."

அவள் குத்திக் காட்டவில்லை. நான் சொன்னதை நம்பியிருந்தாள், அவ்வளவுதான்.

தவணை ஒரு மாதம் நீட்டினோம். அவர்களும் தட்டாத கதவில்லை, ஆனால் பணம் புரளவில்லை. ஒப்பந்தம் முறிந்தது. சட்டப்படி அவர்கள் கட்டிய முன்பணம் எனக்கே சேரும் என்றாள் வக்கீல். வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடு என்றேன். அப்போதுதான் அவள் சொன்னாள். "சாவிய புடிச்சு வச்சிக்கச் சொன்னது உங்களுக்காக மட்டும் இல்ல அக்கா. வீடு கைக்கு வர்ற வரைக்கும் வாங்கறவங்க கையில காசு நிக்கணும்ல." இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவள் மேலேயும் எரிந்து விழுந்தேன். சொல்லியிருந்தால் மட்டும் நான் கேட்டிருப்பேனா, என்ன.

காலி செய்த அன்று அந்தப் பெண் வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். அலமாரியைக் கழற்றினால் பலகை உடைந்துவிடும் என்று தச்சர் கைவிரித்துவிட்டார். "வீடு வித்ததும் அதுக்குண்டானத குடுத்துருறேம்மா" என்றேன். அவள் புருஷன் லோரியிலிருந்து இறங்காமலே, "ஒண்ணும் வேணாம் அக்கா, எங்கள வுட்டுருங்க" என்றான். சின்னது இரண்டும் பாய்ச் சுருட்டின் மேல் உட்கார்ந்திருந்தன. மறுபடியும் அந்த ஹாலுக்குத்தான். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பிறகு எத்தனையோ தடவை போன் செய்தேன். எடுக்கவே இல்லை.

அடுத்து வந்தவர்கள் கோலா கங்சாரில் வேலை பார்க்கும் தம்பதி. அந்த அம்மாள் நேரே சமையலறைக்குள் போனாள். கல்மேடையைத் தடவினாள், இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். நான் சொன்ன விலைக்கு அவர்கள் பேரமே பேசவில்லை. பழைய விலையைவிட அது கூடத்தான்.

"எவ்ளோ ரசிச்சு செஞ்சிருக்கு! யாரு அக்கா செஞ்சது?" என்று கேட்டாள்.

சொல்லத்தான் வாயெடுத்தேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பால் காய்ச்சிக் குடிவந்தவர்கள் மூன்று மாதத்தில் காலி செய்த வீடு என்று தெரிந்தால், ராசியில்லாத வீடு என்று இவர்களும் போய்விடுவார்கள்.

"நான்தாம்மா" என்றேன்.