குருசுக்குப்பத்துக் குழம்பு

2006, ஐப்பசி. சாரம் பகுதியில் நான் காளான் வளர்க்கும் கொட்டகைக்குப் பின்னால் எறிந்திருந்த பழைய வைக்கோல் படுக்கைகளில், மழைக்குப் பிறகு காளான் பூத்திருந்தது. நான் வளர்க்கும் சிப்பிக் காளான்தானே என்று பறித்து, நல்லதோடு கலந்து, வாடிக்கையாக வாங்கும் குருசுக்குப்பம் செல்வியக்காவுக்கு விற்றுவிட்டேன். நண்பகலில் பார்த்தால், மீதி நின்றவை மைபோலக் கறுத்து ஒழுகின. அது வேறு காளான். சைக்கிளை வெறிகொண்டு மிதித்தேன்.

செல்வியக்கா வீட்டில் அவர் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"போடாதக்கா! அது காட்டுக் காளான்!"

கரண்டி நின்றது. "பாவி, புள்ளைங்க உசுரோடவா வெளையாடுற?" குழம்பை அப்படியே மண்ணில் கொட்டினார்.

மறுநாள் கொட்டகைக்குள் படுக்கையில் பறித்த நல்ல காளானைக் கொண்டுபோனேன். சமைத்து, முதல் தட்டை என் முன் வைத்தார். "நீ மொதல்ல சாப்புடு, பாக்கலாம்."

சாப்பிட்டேன். வெகுநேரம் கழித்தே பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

அவர் என்னை நம்பவில்லை. என்னிடம் வாங்குவதை நிறுத்தவும் இல்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு இருந்திருக்காது.